பருத்தி இல்லாத ஊரில் பனியன், கந்தகம் இல்லாத ஊரில் பட்டாசு: தொழிலுக்கு இடம் அமைவது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: திருப்பூரைச் சுற்றி இன்று பருத்திக்காடு இல்லை. சிவகாசியில் கந்தகமும் கிடையாது, தீக்குச்சி மரமும் கிடையாது. பிறகு ஏன் அந்தத் தொழில்கள் அங்கே குவிந்தன? சிறிய உற்பத்தித் தொழில் ஒன்றுக்கு இடம் தேடுபவர் எதை முதலில் பார்க்க வேண்டும்? ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே, போய்விடலாமா?

இடம் தேடுபவர்களில் பெரும்பாலோர் நிலத்தின் விலையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தாளில் தொழிலுக்குள் வருவது, வெளியே போவது எல்லாவற்றையும் எழுதுங்கள்: மூலப்பொருள், தண்ணீர், மின்சாரம், ஆட்கள், ஜாப் வொர்க் (கூலிக்கு ஒரு கட்ட வேலை) செய்து தரும் பக்கத் தொழில்கள், கழிவுநீர், முடிந்த சரக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதைத் தூரத்திலிருந்து கொண்டுவர முடியுமா? கொண்டுவந்தால் கெடுமா? வேலை முடிந்தபின் இதன் எடை எவ்வளவு மிஞ்சும்?’ என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இடம்பெயர முடியாதது எதுவோ, அதன் பக்கத்தில்தான் தொழில் போய் உட்காரும். அரியலூர் சிமெண்ட் ஆலை முதல் தெருமுனை பேக்கரி வரை இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

எடையில் தொடங்குவோம். ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் 1909இல் இதை ஒரு விகிதமாகவே எழுதிவைத்தார்: ஓர் இடத்தில் மட்டும் கிடைக்கும் மூலப்பொருளின் எடையை, செய்து முடித்த பொருளின் எடையால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்கு மேல் போகப் போகத் தொழிலை மூலப்பொருள் தன் பக்கம் இழுக்கும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட்டைச் சூளையில் சுட்டால் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஒரு டன் கிளிங்கருக்கு (அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட கட்டி) சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தக் கல்லை 300 கி.மீ. லாரியில் ஏற்றிவந்து சுடுவது, காற்றில் போகப்போகும் எடைக்கும் சேர்த்து வாடகை கொடுப்பதாகும். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்பதும், டால்மியாபுரம் என்று ஓர் ஊரே உருவானதும் இதனால்தான். நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலும் இதே கதை. தோண்டியெடுக்கும்போது அதில் பாதியளவு ஈரம்தான். அதைச் சுமந்துபோய் எரிப்பதைவிடச் சுரங்கத்தின் வாயிலேயே எரித்து, மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புவதுதான் லாபம்.

கெட்டுப்போகும் பொருளுக்கு எடையோடு நேரமும் சேர்ந்துகொள்ளும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்கச் சர்க்கரைச் சத்து இறங்கும். பத்து டன் கரும்பில் ஏறக்குறைய ஒரு டன் சர்க்கரைதான் கிடைக்கும் என்பதால், எடையும் நேரமும் சேர்ந்து ஆலையை வயலோடு கட்டிப்போடுகின்றன. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் அப்படித்தான். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். ஒரு டன் ஜவ்வரிசிக்கு நாலு முதல் ஐந்து டன் கிழங்கு தேவை. கழுவத் தண்ணீரும், காயப்போட வெயிலடிக்கும் பெரிய களமும் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்த பகுதி அது. 1981இல் ஜவ்வரிசி ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தபின் விற்பனையும் சேலத்திலேயே நிலைத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரானவையும் உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை ஏற்றிய நேரத்திலிருந்து பொதுவாக 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். ஆகவே ஜல்லி எங்கிருந்து வந்தாலும் பிளாண்ட் கட்டடம் எழும் நகரத்தின் விளிம்பில்தான் இருக்கும். தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட மாலை 6 மணி நெரிசலில் எத்தனை நிமிடம் என்பதுதான் அங்கே கேள்வி. கேன் தண்ணீர், ஐஸ், பேக்கரி எல்லாம் இந்த வகை. இவற்றுக்கெல்லாம் விற்கும் இடம்தான் இருக்கும் இடம்.

இனிமேல்தான் சிக்கலான வகை. நூல் துணியாகி, துணி பனியனாகும்போது கட்டிங் வேஸ்ட் போக எடை பெரிதாகக் குறைவதில்லை. நூல் கெட்டும் போகாது. கணக்குப்படி பனியன் கம்பெனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படியிருந்தும் ஒரே ஊரில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. ஏன்?

தொடங்கிய காரணமும் இன்று நிலைத்திருக்கும் காரணமும் வேறு வேறு. தொடங்கிய காலத்தில் கோவை, பல்லடம், அவிநாசிப் பகுதியின் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. திருப்பூர் ஒரு பருத்திச் சந்தை, ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதை நீக்கும்) ஆலைகள் நிறைந்த ஊர். 1860களிலேயே ரயில் வந்துவிட்டது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. அதாவது மூலப்பொருள், ரயில், மின்சாரம் மூன்றும் ஒரு கட்டத்தில் உண்மையாகவே அங்கே இருந்தன. இன்று பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து வருகிறது. துறைமுகமும் பக்கத்தில் இல்லை, தூத்துக்குடிக்கு 300 கி.மீ.க்கு மேல். முதலில் கட்டிய கயிறு அறுந்து பல காலம் ஆயிற்று. அதற்குள் வேறு கயிறுகள் கட்டப்பட்டுவிட்டன.

அந்தக் கயிறுகளைப் பார்க்க ஓர் ஆர்டரைப் பின்தொடர்ந்தால் போதும். நூல் கோனாக வந்து இறங்குகிறது. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது) ஒருவரிடம். அந்தத் துணி டையிங்குக்கு (சாயமேற்ற) இன்னொருவரிடம் போகிறது. திரும்பி வந்து காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமலிருக்க அழுத்துவது) வேறிடத்தில். பிறகு கட்டிங். மார்பில் படம் என்றால் பிரிண்டிங்குக்குத் தனி யூனிட், எம்ப்ராய்டரிக்குத் தனி யூனிட். அப்புறம் பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். லேபிள், பட்டன், எலாஸ்டிக், பாலி பை, அட்டைப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். பெரிய கம்பெனிகள் சிலவற்றைத் தாங்களே செய்கின்றன. மற்றவர்களுக்கு ஒரு சட்டை பத்துப் பன்னிரண்டு வாசல் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குள் போகிறது.

இதில் என்ன கெடும் என்று பாருங்கள். உடம்புத் துணியும் கழுத்துக்கான ரிப் துணியும் வேறு வேறு நூல் எண்ணில், வேறு மெஷினில் ஓடியவை. சாயம் ஏற்றியபின் இரண்டையும் ஒன்றாக வைத்தால் நேவி புளூ ஒன்றில் சற்றுச் சிவப்படிக்கும். சரக்கை வாங்கும் பையரின் செக்கர் இதை விடமாட்டார். டையிங் 8 கி.மீ.க்குள் இருந்தால் ரிப்பை மட்டும் ஆட்டோவில் போட்டு அனுப்பி, டையிங் மாஸ்டரை நேரில் பார்த்து, மறுநாள் ஷேடு சரிசெய்து வாங்கிவிடலாம். 150 கி.மீ. தள்ளி இருந்தால் போனில் நிறத்தை விளக்க முடியாது. துணி போய்வர இரண்டு நாள், அங்கே வரிசையில் காத்திருக்க இரண்டு நாள். அதுவரை அறுபது மெஷின் சும்மா நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் மதிப்பு தவறு நடக்கும் நாளில்தான் தெரியும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று வைத்துப் போடும் திட்டத்தில் இந்த மதிப்பு எந்த வரியிலும் வராது. அதனால்தான் தாளில் லாபமாகத் தெரியும் தூரத்து இடங்கள் நடைமுறையில் ஏமாற்றுகின்றன.

ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே இதைக் கவனித்திருந்தார். ஒரே தொழில் ஒரே ஊரில் கூடும்போது பழகிய ஆட்கள், துணைத் தொழில்கள், தொழில் நுணுக்கம் மூன்றும் ஊரின் காற்றிலேயே கிடைக்க ஆரம்பிக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். கட்டிங் மாஸ்டர் ஒருவர் நின்றுவிட்டால் திருப்பூரில் டீக்கடையில் சொல்லிவைத்தாலே ஆள் கிடைக்கும். வேறு ஊரில் ஆளைத் தேடி, வீடு பார்த்துக் கொடுத்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சிவகாசிக்கு வருவோம். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு; தீப்பெட்டி மருந்தும் குச்சியும் காயவைக்க ஏற்ற ஊர். மானாவாரி விவசாயம் வருடம் முழுக்கச் சோறு போடாததால் கைவேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இந்த இரண்டும் தென் தமிழ்நாட்டில் இன்னும் பல ஊர்களுக்குப் பொருந்தும். சிவகாசியை வேறாக்கியது, 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதுதான். வெயில் இடத்தைத் தகுதியாக்கியது. தொடங்கி வைத்தவர்கள் அந்த இருவர்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் முக்கியம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று அது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இன்று தீப்பெட்டி உற்பத்தியில் பெரும்பங்கு கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் பக்கம் நடக்கிறது. அச்சுத் தொழில் மட்டும் சிவகாசியை விட்டு நகரவில்லை. தன்னை அழைத்து வந்த தொழில் தளர்ந்தாலும் ஆட்கள், மெஷின் மெக்கானிக், பேப்பர் வியாபாரி என்ற வலை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பட்டாசுக்கோ இடம் வேறு வகையில் முக்கியம். வெடிபொருள் விதிகள் ஒவ்வோர் அறைக்கும் ஆள் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் வரையறுக்கின்றன. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி கேட்கின்றன. ஆகவே பெரிய வளாகத்தில் கட்டடம் கொஞ்சம், காலி நிலம் நிறைய. விளைச்சல் குறைந்த மலிவான நிலம் அங்கே உண்மையிலேயே ஒரு மூலப்பொருள். அந்த இடைவெளியைச் சிக்கனம் பார்த்து நிரப்பும்போதும், ஓர் அறைக்குள் கூடுதல் ஆட்களை உட்கார வைக்கும்போதும் ஓர் அறையில் பற்றிய தீ பல உயிர்களை வாங்கிவிடுகிறது. அந்த நிலம் வீணாகக் கிடப்பதாக யாரும் நினைக்கக் கூடாது.

தண்ணீரையும் கழிவுநீரையும் எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்றப் பழைய வின்ச் முறையில் (தொட்டியில் துணியைச் சுழற்றுவது) 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் போனது. சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்தபின் குறைந்திருக்கிறது. உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி உப்போடு வெளியே வரும். நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட யூனிட்டுகள் நின்றன. சாயமேற்றத் துணியை வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பும் நிலை வந்தது. இன்று ஓடும் ஆலைகள் தண்ணீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. மிச்ச உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றன. இது பெரிய முதலீடு, பெரிய மின்கட்டணம். பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் மீது 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பதை உறுதி செய்தது. நிலத்தடி நீர் உப்பான ஊர்க்காரர்களுக்கு அது தாமதமாகக் கிடைத்த நியாயம்.

தண்ணீரில் ரசாயனம் கலந்து செய்யும் தொழில் எதுவானாலும் (சாயம், பிளீச்சிங், தோல், எலெக்ட்ரோபிளேட்டிங்) நிலம் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது ஆற்றுத் தூரம். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் அரசாணை, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கி.மீ.க்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்களைத் தடுக்கிறது. 1998ஆம் ஆண்டின் அரசாணை காவிரியும் அதன் துணையாறுகளும், பாலாறு, தென்பெண்ணை, வைகை, தாமிரபரணி ஆகியவற்றிலிருந்து 5 கி.மீ. வரை அந்தத் தடையை நீட்டியது. ஆறு வறண்டு கிடக்கிறதே என்பது பதிலாகாது. உங்கள் தொழில் சிவப்பு (அதிக மாசு), ஆரஞ்சு, பச்சை, வெள்ளை (மிகக் குறைந்த மாசு) முதலிய வகைகளில் எதில் வருகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் முதலில் பாருங்கள். வெள்ளை, பச்சை என்றால் இடத்தேர்வு விரியும். சிவப்பு என்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள தொழிற்பேட்டைக்குள் இடம் தேடுவதுதான் என் கணிப்பில் சிறிய யூனிட்டுக்கு இருக்கும் ஒரே வழி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது; பலர் தவறவிடுவது. ஒரு தொழிலின் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே இடம் பொருந்த வேண்டியதில்லை. டையிங் கழிவுநீர் வசதியைத் தேடிப் போகும். நிட்டிங், பிரிண்டிங், டிசைன், பையர் சந்திப்பு எல்லாம் திருப்பூரை விட்டு நகராது. தையல் ஆட்களைத் தேடிப் போகும். தாராபுரம், வேடசந்தூர் பக்கமெல்லாம் தையல் யூனிட்டுகள் போனது இப்படித்தான். காலையில் கட்டிங் முடிந்த பண்டல் வேனில் போகிறது, மாலையில் தைத்த சட்டை வருகிறது. ஆகவே ‘என் தொழிலுக்கு எந்த ஊர்?’ என்று கேட்பதைவிட ‘எந்தக் கட்டம் எந்த ஊரில்?’ என்று கேளுங்கள்.

மலிவான நிலத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அறுபது மெஷின் தையல் யூனிட், 8,000 சதுர அடி. ஊருக்குள் சதுர அடிக்கு 15 ரூபாய் வாடகை என்றால் மாதம் 1,20,000. அறுபது கி.மீ. தள்ளி 6 ரூபாய் என்றால் 48,000. மிச்சம் 72,000 ரூபாய். இப்போது வேன்: போகவர 120 கி.மீ., கி.மீ.க்கு 20 ரூபாய், மாதம் 26 நாள். ஆக 62,400. கையில் நிற்பது மாதம் 9,600, வருடத்துக்கு 1,15,200. வருடத்தில் ஒரே ஒருமுறை ஷிப்மெண்ட் தவறி, 200 கிராம் எடையுள்ள 5,000 சட்டைகளை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் 1,000 கிலோவுக்கு, கிலோ 250 ரூபாய் வீதம், 2,50,000 ரூபாய். இரண்டு வருட மிச்சம் ஒரு நாளில் கரைந்துவிடும்.

அப்படியானால் வெளியே போனவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்களா? இல்லை. அவர்கள் கணக்கில் வேறொரு வரி இருக்கிறது. ஊருக்குள் தினம் 20 சதவீதம் பேர் வராமல் 12 மெஷின் நிற்கிறது. வெளியே உள்ளூர்ப் பெண்கள் நடந்தே வருவதால் 8 சதவீதம் மட்டும், 5 மெஷின்தான் நிற்கிறது என்று வையுங்கள். வாடகை, மாஸ்டர் சம்பளம் எதுவும் ஏறாமல் தினம் 7 மெஷினின் உற்பத்தி திரும்பக் கிடைக்கிறது. வெளியே போவதற்கு இது நியாயமான காரணம். வாடகை மட்டும் காரணமாக இருக்கவே கூடாது.

ஆனால் அந்த ஆட்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கிராமத்தின் மக்கள்தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில் காலை 6.30 முதல் 8.30 வரை அந்த ஊர் முக்கு ரோட்டில் நின்று, மில் வேனும் கம்பெனி பஸ்ஸும் எத்தனை போகின்றன, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து வேன் நிறைந்து போகிற ஊரில் உங்களுக்கு ஆள் மிச்சமில்லை. வேண்டுமானால் கூடுதல் கூலி கொடுத்து இழுக்கலாம், அடுத்தவர் உங்களிடமிருந்து இழுப்பார். வேனே வராத ஊரில் ஆள் உண்டு, பழக்கமில்லை. பழக்கிவிட மூன்று நான்கு மாதச் சம்பளத்தை முதலீடாகவே எழுதுங்கள். அறுவடைக் காலத்திலும் கோவில் திருவிழா வாரத்திலும் வருகை எவ்வளவு குறையும் என்பதையும் ஊர்க்காரர்களிடமே கேட்டுவிடுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பியிருந்தால் தங்கும் விடுதிக்கும் குடிநீருக்கும் சேர்த்து நிலம் பாருங்கள். ஷெட்டின் மூலையில் படுக்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தீ விபத்து ஒன்று நடந்தால் கொலைக்குச் சமம்.

இடத்தை நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மின்சாரத்துக்கு, துணைமின் நிலையம் எத்தனை கி.மீ., அங்கிருந்து வரும் ஃபீடர் (மின்தடம்) தொழிலுக்கானதா கிராமத்துக்கானதா என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். பக்கத்தில் ஓடும் ஏதாவது ஒரு பட்டறையில் மாலை 7 மணிக்கு மூன்று பேஸ் வோல்டேஜை அளந்து பாருங்கள். 415 இருக்க வேண்டிய இடத்தில் 370 காட்டினால் மோட்டார் சூடேறும், காயில் அடிக்கடி எரியும். தனி லைன் இழுக்கும் செலவுக்கு எஸ்டிமேட் வாங்காமல் நிலத்துக்கு விலை பேசாதீர்கள்.

தண்ணீரை ஏப்ரல், மே மாதங்களில் சோதியுங்கள். ஐப்பசியில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். போர்வெல் ஊற்றுத் திறனோடு நீரின் மொத்தக் கரைதிடத்தையும் (கரைந்துள்ள உப்பின் அளவு, டி.டி.எஸ்.) ஆய்வகத்தில் பாருங்கள்; கொதிகலன் வைப்பவர்களுக்கு இது உயிர்நாடி. உங்கள் குறுவட்டம் நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தால் தொழிலுக்குத் தண்ணீர் எடுக்கத் தடையின்மைச் சான்று கிடைப்பது கடினம். நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் அதை நீங்கள் எடுக்க முடியாது.

ரோட்டைக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். நாற்பதடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் 15 மீட்டருக்கு மேல் நீளம், நாலரை மீட்டர் வரை உயரம். பிரதான சாலையிலிருந்து உங்கள் வாசல் வரை நடந்தே வாருங்கள். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்பு, குறுகிய வளைவு, மழைக்கு மூழ்கும் தரைப்பாலம், ஏதாவது ஒன்று போதும். பிறகு ஒவ்வொரு லோடும் பிரதான சாலையில் இறக்கிச் சிறு வண்டியில் மாற்ற வேண்டியதுதான். கூலி இரட்டிப்பு, சரக்குச் சேதம் தனி.

காகிதங்களில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்), குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று ஆகியவை அடிப்படை. ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு, ஓடை, பஞ்சமி நிலம் என்ற குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் கோடு உங்கள் நிலத்தின் நடுவே போனால், இன்று அங்கே வெறும் புல் முளைத்திருந்தாலும் அது வாய்க்கால்தான். நிலப் பயன்பாடு விவசாயம் என்றிருந்தால் நகர் ஊரமைப்புத் துறையில் தொழிலுக்கு மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். சிப்காட், சிட்கோ என்ற அரசு நிறுவனங்களின் தொழிற்பேட்டைகளில் விலை கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இந்த வேலைகள் பெரும்பாலும் முடிந்திருப்பதுதான். அந்த மாதங்களின் வட்டியைக் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஆனால் அங்கே ஒதுக்கீடு பெற்றபின் குறித்த காலத்துக்குள் கட்டி உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மானியத்துக்காக இடம் மாறுவது பற்றி என் கருத்து உறுதியானது: மானியத்தைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டு அந்த இடம் தாங்குகிறதா என்று பாருங்கள். முதலீட்டு மானியம் செலவு செய்தபின் வரும், வரும் நாள் உங்கள் கையில் இல்லை. ஓசூர் வளர்ந்ததற்குச் சலுகைகள் காரணம் என்று சொல்வார்கள், பாதி உண்மை. சலுகை பல ஊர்களுக்குக் கிடைத்தது. பெங்களூரு 40 கி.மீ. தூரத்தில் இருப்பது ஓசூருக்குத்தான் வாய்த்தது.

பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கியபோது உதிரிபாக நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்தன. செல்போன் எடை குறைவு, மதிப்பு அதிகம், விமானத்தில் போகும் சரக்கு. சென்னை விமான நிலையம் அருகில். இடக் கணக்கு கச்சிதமாக இருந்தது. வரிப் பிரச்சினையில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் அந்த ஆலை சேராமல் போய், 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரே வாங்குபவரை நம்பியிருந்தவர்கள் அவரோடு சேர்ந்து விழுந்தார்கள். சில ஆண்டுகளில் அதே ஆலையை செல்போன் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. பழகிய ஆட்களும் கட்டமைப்பும் அங்கே இருந்தன. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, அதே சென்னை வட்டாரத்தில் இருக்கும் ஹூண்டாய் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. விற்காத பொருளை நல்ல இடம் விற்றுத் தராது. சிறிய யூனிட் என்றால் குறைந்தது மூன்று வாங்குபவர்கள் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

இத்தனை பார்த்தும் சந்தேகம் இருந்தால் நிலம் வாங்காதீர்கள். அந்தப் பகுதியிலேயே 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மெஷின்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி அவசரம் மூன்றையும் அந்த இடத்தில் கடந்துவிட்டால் வருகைப் பதிவேடும் வேன் செலவும் மின்வெட்டு நேரமும் உங்கள் கையில் எண்களாக இருக்கும். வாங்குவதென்று முடிவானபின் முன்பணம் கொடுக்கும் விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்பட வேண்டும், பாதையின் அகலம் எத்தனை அடி, எந்தச் சர்வே எண் வழியாக வருகிறது என்பது பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றுக்கு விற்பவர் மறுத்தாலும் அடுத்த இடத்தைப் பார்க்கப் போய்விடுங்கள்.